தம்பாங்: சுரங்கமா, கயிறா, பஸ் கட்டணமா?

இந்தோனேசியச் செய்தி ஒன்றில் "தம்பாங்" என்ற சொல்லைச் சுரங்கம் என்ற பொருளில் படித்ததாகவும், மலேசியாவில் அதே சொல்லைப் பஸ் கட்டணத்துக்குச் சொல்லக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் எது மூலப்பொருள், எது பின்னால் வந்த பிழை என்பது உங்கள் முதல் கேள்வி. கயிற்றைக் குறிக்கும் நம் "தாம்பு" கடல் கடந்து தம்பாங் ஆகியிருக்குமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இரண்டுமே பிழையில்லை. தம்பாங் என்ற ஓர் ஒலிக்குள் கயிறு, ஆற்றைக் கடத்திவிடும் படகு, சுரங்கம் என்று மூன்று பொருள்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் உறவுக்காரர்கள். மூன்றாவது அடுத்த வீட்டுக்காரர். இரண்டாவது கேள்விக்குச் சற்று நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவன். ஈயம், அதாவது வெள்ளீயம், எடுத்த மண். சுரங்கத்துக்கு எங்கள் ஊர் மலாய்க்காரர்கள் சொல்லும் சொல் லொம்போங். தம்பாங் என்பது கண்டக்டர் கேட்கும் காசு, வேறெதுவும் இல்லை. முதல் முறையாக மேற்குச் சுமாத்திராவின் பாடாங்குக்குப் போனபோது, ஓர் அரசு அலுவலகத்தின் பலகையில் "டினாஸ் பெர்த்தம்பாங்ஙான்" என்று எழுதியிருந்ததைப் பார்த்து, போக்குவரத்துத் துறை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அது சுரங்கத் துறை. ஒரே மொழியின் இரண்டு கிளைகள் என்று நாம் நினைத்திருக்கும் மலாயும் இந்தோனேசிய மொழியும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பது அன்று அந்தப் பலகைக்கு முன்னால்தான் எனக்கு உறைத்தது.

மலேசியப் பொருளிலிருந்து தொடங்குகிறேன். பஸ்ஸும் டாக்சியும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தம்பாங் இருந்தது. அப்போது அது கூலிக்கு ஆள் ஏற்றும் படகின் பெயர். சரவாக்கின் கூச்சிங் நகரில் இன்றும் அந்தப் படகைப் பார்க்கலாம். ஆற்றின் தென்கரையில் கடைத்தெரு. வடகரையில் போயான், கெர்சிக் முதலிய கம்பங்கள், அதாவது மலாய்ச் சிற்றூர்கள். நடுவே "பெராகு தம்பாங்" ஓடுகிறது. தாழ்வான கூரை போட்ட ஒல்லியான மரப்படகு அது. நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். படகோட்டி முன்பக்கம் நின்றுகொள்வார். நான் போனபோது மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் கரை நெருங்கியதும் அதை நிறுத்திவிட்டு, துடுப்பால் இரண்டு இழுப்பு இழுத்துத்தான் படகை அணைத்தார். டிக்கெட் என்று எதுவும் கிடையாது. இறங்குகிறவர்கள் முன்பலகையில் காசை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர் எண்ணிப் பார்க்கவும் இல்லை. படகின் பெயரே அந்தக் காசுக்கும் பெயராயிற்று. பிறகு படகை விட்டுக் காசு மட்டும் தனியாகப் பிரிந்து, பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி, இப்போது விமானத்திலும் உட்கார்ந்திருக்கிறது. மலிவுக் கட்டண விமானச் சேவைக்கு மலேசியாவில் "தம்பாங் மூரா" என்றே பெயர். இந்தோனேசியர் இந்தப் பொருளில் அந்தச் சொல்லைத் தொடுவதில்லை. அவர்களுக்குக் கட்டணம் என்றால் டச்சு மொழியிலிருந்து வந்த "ஓங்கோஸ்", அல்லது "தாரிஃப்".

படகை ஓட்டுபவர், சில ஊர்களில் அந்தப் படகும், "பெனம்பாங்". மலேசியக் கிழக்குக் கரையின் கோலத் திரங்கானுவில், எதிர்க்கரையான செபராங் தாக்கிருக்குப் போய்வரும் மரப்படகைப் "போட் பெனம்பாங்" என்கிறார்கள். கோத்தா பாருவில் ஆற்றங்கரைப் படகுத்துறைக்கே அந்தப் பெயர்தான். இதே "பெனம்பாங்" ஜகார்த்தாப் பத்திரிகையில் வந்தால் சுரங்கத் தொழிலாளி! மொழிபெயர்க்கும்போது எவ்வளவு எளிதாக வழுக்கி விழலாம் என்று பாருங்கள்.

படகுக்கு ஏன் தம்பாங் என்று பெயர்? இதற்கு ஜாவாவுக்குப் போக வேண்டும். ஜாவானிய மொழியில் தம்பாங் என்பது கயிறு, அதிலும் பருத்த வடம். இந்தோனேசியா முழுவதும் இந்தப் பொருள் இன்றும் அன்றாடம் புழங்குகிறது. ஆகஸ்டு 17 சுதந்திர நாளில் தெருவுக்குத் தெரு நடக்கும் வடம் இழுக்கும் போட்டிக்குத் "தாரிக் தம்பாங்" என்று பெயர். மலேசியாவில் அதே விளையாட்டு "தாரிக் தாலி". சுராபாயா நகரின் ஆற்றில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வடம் கட்டி வைத்திருப்பார்கள். படகோட்டி துடுப்பைத் தொடுவதே இல்லை. வடத்தைக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க, மோட்டார் சைக்கிளோடு ஏறி நிற்கும் ஆட்களைச் சுமந்துகொண்டு படகு நகர்ந்துவிடும். அந்தப் படகின் பெயர் "பெராகு தம்பாங்ஙான்". கயிறும் படகும் ஒரே சொல்லுக்குள் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது.

இந்த வழக்கம் நேற்று வந்ததும் இல்லை. ஜாவாவை ஆண்ட மஜபாகித் பேரரசன் ஹயாம் வுருக் 1358இல் வெளியிட்ட செப்பேடு ஒன்று இருக்கிறது. சாங்கு சாசனம் என்பார்கள். பிராந்தாஸ், பெங்காவான் சோலோ ஆகிய இரு பேராறுகளின் கரையில் எழுபதுக்கும் மேற்பட்ட படகுத்துறைகளை ஊர் ஊராகப் பெயர் சொல்லி, அங்கே ஆட்களைக் கடத்திவிடுகிறவர்களுக்கு உரிமைகள் வழங்கும் சாசனம் அது. அந்தப் படகோட்டிகளை அது குறிக்கும் சொல் "அனம்பாங்ஙி". சொல்லின் முன்னொட்டையும் பின்னொட்டையும் உரித்துப் பார்த்தால் நடுவில் தம்பாங். அரசாங்கமே ஏட்டில் எழுதி, தன் ஆணையால் காத்த தொழிற்பெயர். ஆக, "மலேசியர்கள் சுரங்கத்தைக் கட்டணம் ஆக்கிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் அவரை 1358ஆம் ஆண்டுக்கு அனுப்பிவிடலாம்.

அடுத்து சுரங்கம். இந்தப் பொருள் நவீன இந்தோனேசிய அரசு புதிதாக உண்டாக்கிய கலைச்சொல் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. 1770களில் சுமாத்திராவின் பெங்கூலனில் ஆங்கிலக் கம்பெனியின் பணியில் இருந்த வில்லியம் மார்ஸ்டன், சுமாத்திராவைப் பற்றி எழுதும்போது, பாடாங்குக்கு உள்நாட்டில் இருந்த தங்கச் சுரங்கங்களுக்குத் தம்பாங் என்ற பெயரைத் தருகிறார். அது மினாங்கபாவ் இன மக்களின் நாடு. மிளகுக்கும் காப்பிக்கும் முன்னால் அந்த மலைநாட்டைச் செல்வமாக்கியது பொன். 14ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட ஆதித்தியவர்மன் தன் கல்வெட்டில் தன்னைக் "கனகமேதினீந்திரன்", பொன் விளையும் மண்ணின் அரசன், என்று சொல்லிக்கொண்டான். சுரங்கம் என்ற பொருளில் தம்பாங் வேர் விட்ட மண் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஈயம் எடுத்த மலாய் மாநிலங்களுக்கு லொம்போங். பொன் எடுத்த மினாங்கபாவுக்குத் தம்பாங்.

இந்தப் பொன் வணிகத்தில் தமிழர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் என்னால் கடக்க முடியவில்லை. சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினுடையது. கப்பல் தலைவர்கள் பொன்னாகக் கட்ட வேண்டிய ஆயத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆதித்தியவர்மன் காலத்துப் பண்டார் பாபாகாட் கல்வெட்டில் ஒரு பகுதி கிரந்த எழுத்தில் இருக்கிறது. இவற்றைக் காட்டிலும் நெருக்கமான சான்று மக்கள் நாவிலேயே இருக்கிறது. இந்தோனேசியர்கள் தரம் என்பதற்கு வாய்க்கு வாய் சொல்லும் "முத்து" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தரமான கல்வி, தரமான பொருள் எல்லாம் "பெர்முத்து". நம் கடல் முத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது நம் "மாற்று". உரைகல்லில் பொன்னை உரசி மதிப்பிடும் மாற்று. பழைய மலாயில் கலப்பற்ற பொன் "செபுலோ முத்து", பத்து மாற்று. நம்மிடம் பத்தரை மாற்றுத் தங்கம். பொன் எடுத்தவர்களின் சொல் தம்பாங். வாங்கியவர்கள் உரைத்துப் பார்த்த சொல் மாற்று. இரண்டும் இன்று ஒரே மொழியில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன.

மினாங்கபாவ் சொல் எப்படி நாடு முழுமைக்கும் பொதுச்சொல் ஆயிற்று என்று கேட்பீர்கள். 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் மலாக்கா நீரிணையை எல்லையாக வைத்து மலாய் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு இரு கரைகளிலும் பள்ளிக்கூடம் வேறு, அச்சகம் வேறு, சட்டம் வேறு. டச்சுப் பக்கத்தில் பாடநூல் எழுதியவர்களிலும், பத்திரிகை நடத்தியவர்களிலும், 1920களில் பாலாய் புஸ்தாகா பதிப்பகத்தில் கதை எழுதியவர்களிலும் மினாங்கபாவ்காரர்கள் மிகப் பலர். சுதந்திர இந்தோனேசியாவின் முதல் துணை அதிபர் முகமது ஹாத்தாவும் அந்த மண்ணின் பிள்ளைதான். ஒரு மொழி அரசு மொழியாக உருவாகும்போது அதை எழுதுகிறவர்களின் வீட்டுச் சொற்கள் அதற்குள் ஏறிவிடுகின்றன. போதாததற்கு டச்சுக்காரர்கள் இங்கே தோண்டிய பெரிய நிலக்கரிச் சுரங்கமான ஒம்பிலினும் மினாங்கபாவ் நாட்டில்தான் அமைந்தது. 1868இல் அங்கே நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. சாவாலுந்தோ என்ற ஊரே அதற்காக எழுந்தது. காலில் சங்கிலி பூட்டிய கைதிகளை இறக்கிக் கரி வெட்டினார்கள். "ஓராங் ரந்தாய்", சங்கிலி மனிதர்கள், என்ற பெயர் இன்னும் அந்த ஊரில் மறக்கப்படவில்லை. 2019இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மலேசியாவின் லொம்போங் வேறு ஒரு காட்சியைக் கண்முன் கொண்டுவரும். சாவாலுந்தோவில் மனிதன் மண்ணுக்குள் நுழைந்து மறைந்தான். கிந்தாவில் மண்ணே பிளந்து வானத்தைப் பார்த்துக் கிடந்தது. ஈயம் ஆற்று வண்டலில் கலந்து கிடக்கும் தாது. நீரைப் பீய்ச்சிக் கரையைக் கரைத்து, சேற்றை உயரத்துக்கு ஏற்றி, சாய்வான நீண்ட மரத்தொட்டியில் ஓட விடுவார்கள். கனமான தாது அடியில் தங்கும், மணல் ஓடிவிடும். அந்த மரத்தொட்டிக்குப் பாலோங் என்று பெயர். பெண்கள் ஓடையில் இறங்கி, டூலாங் என்ற மரத்தட்டில் மண்ணை அரித்துத் தாது பிரிப்பார்கள். நாள் முழுக்க முழங்கால் தண்ணீரில் குனிந்தபடி நிற்க வேண்டிய வேலை. சதுப்பில் மிதந்தபடியே தோண்டும் பெரிய இயந்திரத்தின் பெயர் "காப்பால் கோரேக்". அந்தக் காப்பால் நம் கப்பல்! தஞ்சோங் துவாலாங்கில் 1938 முதல் 1982 வரை உழைத்த ஒன்றை இன்றும் போய்ப் பார்க்கலாம். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்ததும் லொம்போங்குகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. குழிகளில் மழைநீர் நிறைந்தது. அதனால் என் தலைமுறைக்கு லொம்போங் என்றதும் சுரங்கம் நினைவுக்கு வருவதில்லை. அடி தெரியாத பச்சைத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். "லம்பத்துப் பக்கம் போகாதே" என்று அம்மா சொல்லாத விடுமுறை நாள் இல்லை. மலேசியத் தமிழர்கள் ஈயச் சுரங்கத்தை ஈயலம்பம் என்றும் லம்பம் என்றும் சொல்வது இந்த லொம்போங்கிலிருந்துதான் என்று நினைக்கிறேன். மண்ணை நீரால் கரைத்து எடுக்கும் முறைக்கு மலாயில் லம்பான் என்று பெயர் உண்டு. அதுவும் இதில் கலந்திருக்கலாம். எப்படியானாலும் லம்பம் நம் மக்கள் உழைத்துச் சேர்த்த சொல். அதை அகராதியில் ஏற்றத் தயங்கக் கூடாது.

கயிற்றைப் பிடித்துக் குழிக்குள் இறங்கியதால்தான் சுரங்கத்துக்குத் தம்பாங் என்று பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் என்னால் ஏற்க முடியவில்லை. கயிறு என்ற பொருள் வேரூன்றியிருப்பது ஜாவாவில். சுரங்கம் என்ற பொருள் வளர்ந்தது மினாங்கபாவில். அங்கே கயிற்றுக்குச் சொல் "தாலி". கயிற்றால் பெயர் வைப்பதென்றால் தங்கள் கயிற்றை விட்டுவிட்டு ஜாவாக்காரரின் கயிற்றை ஏன் கடன் வாங்கினார்கள்? இந்தோனேசிய அகராதிகள் இவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாக வைப்பது சரியான முடிவு. நம் "திங்கள்" நிலவும் கிழமையும் ஆனது போன்ற கிளைப்பு கயிற்றுக்கும் படகுக்கும் இடையில் இருக்கிறது. சுரங்கத்தோடு அப்படி ஒரு பாலம் இல்லை.

இதே நிதானம் உங்கள் தாம்புக்கும் தேவை. தாம்பு பழைய, அழகான தமிழ்ச் சொல்தான். கண்ணனை யசோதை கட்டிய கண்ணிநுண் சிறுத்தாம்பை யாரால் மறக்க முடியும்? ஆனால் மலாயில் உண்மையாகவே நுழைந்த தமிழ்ச் சொற்களைப் பாருங்கள். கப்பல் காப்பால் ஆயிற்று, கடை கெடாய், பெட்டி பெத்தி, திரை திராய். ஒலி கொஞ்சம் தேயும், உயிர் கொஞ்சம் மாறும். வாலில் புதிதாக ஒன்று முளைக்காது. தாம்பு போயிருந்தால் தம்பு என்றுதான் ஆகியிருக்கும். கடைசியில் வரும் "ஆங்" எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த வழியில் பதிலே இல்லை. எச்சரிக்கைக்கு இன்னொரு சான்று தருகிறேன். மலாயில் கயிறு "தாலி" என்று சொன்னேன். கழுத்தில் கட்டும் நம் தாலிதான் அது என்று மலேசிய மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தத் தாலி பிலிப்பீன்ஸ் வரை பரவிக் கிடக்கும் ஆஸ்திரோனேசியச் சொல். தமிழ் மரக்கலம் அந்தக் கரைகளைத் தொடும் முன்பே அங்கே இருந்த சொல். மலாய்க்கு நாம் கொடுத்த சொற்கள் நிறைய உண்டு. அவற்றின் பெருமை நிற்க வேண்டுமானால், கொடுக்காதவற்றுக்கு உரிமை கோராமல் இருக்க வேண்டும். சுரங்கத் தொழிலாளியை இந்தோனேசியர்கள் "கூலி தம்பாங்" என்பார்கள். அதில் முதல் சொல் நம் கூலி என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. இரண்டாவது அவர்களுடையது.

இன்றைய புழக்கத்தில் பிளவு இன்னும் கூர்மையாகிவிட்டது. தரவுகளைத் தோண்டி ஆராயும் கணினித் துறை வேலைக்கு இந்தோனேசியாவில் "பெனம்பாங்ஙான் டாத்தா"; மலேசியாவில் "பெர்லொம்போங்ஙான் டாத்தா". ஒன்றில் மட்டும் இரு நாடும் ஒற்றுமை. மண்ணில் புதைக்கும் கண்ணிவெடிக்குத் தம்பாங் என்றோ லொம்போங் என்றோ யாரும் சொல்வதில்லை. இந்தோனேசியர் "ராஞ்சாவ்" என்கிறார்கள். பகைவர் வரும் வழியில் முன்காலத்தில் நட்டு வைத்த கூர்மூங்கிலின் பெயர் அது. மலேசியர் "பெரியோக் ஆப்பி", நெருப்புப் பானை, என்கிறார்கள். ஆங்கிலத்தில் சுரங்கத்துக்கும் கண்ணிவெடிக்கும் ஒரே சொல் என்பதால், இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் இந்த இடத்தில் விபரீதமாகிவிடும்.

நீங்கள் மொழிபெயர்ப்பு வேலைக்காகக் கேட்டிருந்தால் இதைக் கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். மலேசிய எழுத்தில் தம்பாங் வந்தால் கட்டணம். இந்தோனேசிய எழுத்தில் வந்தால் சுரங்கம்; பக்கத்தில் இழுப்பதோ கட்டுவதோ இருந்தால் வடம். பெனம்பாங் என்று வந்து அருகில் ஆறும் படகும் இருந்தால் படகோட்டி. பொன், ஈயம், நிலக்கரி இருந்தால் சுரங்கத் தொழிலாளி. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு கைவிட்டுவிடும். கிழக்கு ஜாவாச் செய்திகளில் "பெனம்பாங் பாசிர்" அடிக்கடி வரும். ஆறு இருக்கும், படகு இருக்கும், படகில் ஆளும் இருப்பார். ஆனால் அவர் யாரையும் அக்கரைக்குக் கொண்டுபோவதில்லை. வாளியோடு நீரில் மூழ்கி ஆற்றின் அடியிலிருந்து மணலை அள்ளி வந்து படகை நிரப்புகிறவர் அவர். பாசிர் என்றால் மணல். அந்த ஆறு பெரும்பாலும் பிராந்தாஸ். ஹயாம் வுருக் தன் படகோட்டிகளுக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்த அதே ஆறு.